மால் கடையில் உங்களுக்குத் தரும் பில், மால் உரிமையாளருக்கும் போகிறது: எப்படி, எதற்கு?

விற்பனையில் பங்கு கேட்கும் வாடகை முறை, அந்த விற்பனையை எண்ணும் டிஜிட்டல் கருவிகள், அதில் சிறு கடைக்காரர் கவனிக்க வேண்டியவை: ஒரு விளக்கம்

பெங்களூரு ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் ஒரு பக்கம் அடுத்த ஸ்டேஷனே மந்த்ரி ஸ்கொயர் மால். எதிர்த் திசையில் சாண்டல் சோப் ஃபேக்டரி நிலையத்தில் இறங்கினால் ஓரியன் மால் பக்கம். ராஜாஜிநகரில் 2021-இல் திறந்த லுலு மாலும் தூரமில்லை. மில் தொழிலாளர்களின் குடியிருப்பாக வளர்ந்த இந்தத் தமிழ்ப் பேட்டையைச் சுற்றி இன்று மூன்று பெரிய மால்கள்.

ஸ்ரீராம்புரத்தின் தெருக்கடையில் வாடகை என்றால் எல்லாருக்கும் புரியும். கைநிறைய ஒரு அட்வான்ஸ், மாதம் பிறந்தால் ஒரு தொகை. வியாபாரம் நன்றாகப் போனாலும் அதே வாடகை, ஈ ஓட்டினாலும் அதே வாடகை. இன்றைக்கு எவ்வளவு கல்லா கட்டினீங்க என்று வீட்டுக்காரர் கேட்க மாட்டார். கேட்டாலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மாலுக்குள் கதை வேறு. அங்கே பெரும்பாலான கடைகள் தங்கள் விற்பனைக் கணக்கை மால் நிர்வாகத்திடம் கொடுத்தாக வேண்டும். முன்பு இதைத் தாளிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது பில்லிங் மெஷினிலிருந்தே அது தானாகப் போகிறது. இது ஏன்? இதில் யாருக்கு லாபம், யாருக்குச் சிக்கல்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாடகைக்கும் விற்பனைக்கும் என்ன சம்பந்தம்?

நிலத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவு நெல்லையோ பணத்தையோ கொடுத்துவிட வேண்டும். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. அமோகமாக விளைந்தால் நிலக்காரருக்கும் அதிகம், பொய்த்துப்போனால் அவருக்கும் குறைவு.

தெருக்கடை வாடகை குத்தகை மாதிரி. மால் வாடகை, குத்தகையும் வாரமும் கலந்த மாதிரி. மால்காரர்களின் பேச்சில் முதலாவது 'மினிமம் கேரண்டி', இரண்டாவது 'ரெவென்யூ ஷேர்'. பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும் வாசகம் இதுதான்: இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும்.

வாரத்தில் ஒரு பழைய சங்கடம் உண்டு. எவ்வளவு விளைந்தது என்று நிலக்காரருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் அறுவடை அன்று களத்துமேட்டில் ஒரு கணக்குப்பிள்ளை நின்றார், கண்டுமுதலை அவர் கண் முன்னால் அளந்தார்கள். மாலில் இன்று அந்தக் கணக்குப்பிள்ளையின் இடத்தில் நிற்பது ஒரு சாஃப்ட்வேர். அவ்வளவுதான் விஷயம்.

இது இந்தியாவில் பிறந்த முறையல்ல. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1920-களில் உருவான 'கன்ட்ரி கிளப் பிளாசா' வணிக வளாகம் இந்த விற்பனைப் பங்கு வாடகையைப் பரப்பிய இடங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அடுத்து வந்த பெருமந்த காலத்தில் நிலையான வாடகையைக் கட்ட முடியாத கடைகளுக்கு இந்த முறை கைகொடுத்தது. இன்று உலகம் முழுக்க மால்களிலும் விமான நிலையங்களிலும் இதுதான் வழக்கம்.

ஒரு சின்னக் கணக்கு

புரிதலுக்காக ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். உணவுக்கூடத்தில் 500 சதுர அடி கடை. மினிமம் கேரண்டி சதுர அடிக்கு 200 ரூபாய், அதாவது மாதம் 1,00,000 ரூபாய். ரெவென்யூ ஷேர் 12 சதவீதம்.

மாத விற்பனை 7 லட்சம் என்றால் 12 சதவீதம் 84,000 ரூபாய். மினிமம் கேரண்டி இதைவிட அதிகம். ஆகவே வாடகை 1,00,000.

மாத விற்பனை 10 லட்சம் என்றால் 12 சதவீதம் 1,20,000 ரூபாய். இப்போது பங்குதான் அதிகம். வாடகை 1,20,000.

இரண்டும் சமமாகும் புள்ளி 8,33,333 ரூபாய். விற்பனை அதற்குக் கீழே இருக்கும்வரை சரியான எண்ணிக்கை வாடகையை மாற்றாது. அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு 100 ரூபாய் விற்பனையிலும் 12 ரூபாய் வாடகை. அந்த இடத்திலிருந்துதான் 'எவ்வளவு வித்தீங்க?' என்ற கேள்விக்கு உயிர் வருகிறது. குறைத்துச் சொன்னால் மாலுக்கு நஷ்டம். தப்பாகக் கூட்டிவிட்டால் கடைக்காரருக்கு நஷ்டம்.

இது இப்போ ஏன் இவ்வளவு முக்கியமாச்சு?

மூன்று காரணங்கள்.

முதலாவது கொரோனா. 2020 மார்ச் 25-இல் நாடு முடங்கியது. ஜூன் 8-இலிருந்துதான் மால்களைத் திறக்க மத்திய அரசு அனுமதித்தது. திறந்த பிறகும் கூட்டம் இல்லை. 'வித்தா பங்கு தர்றோம், மினிமம் கேரண்டி வேண்டாம்' என்று சில்லறை வணிகர்கள் கேட்டார்கள். பல இடங்களில் சில மாதங்களுக்காவது அப்படி ஏற்பாடு ஆனது. வாடகை முழுக்க விற்பனையைச் சார்ந்துவிட்டால், விற்பனை எண்ணிக்கை தெரியாமல் மால்காரரால் பில்லே போட முடியாது. அதுவரை சடங்காக இருந்த மாதாந்திர விற்பனை அறிக்கை வருமானத்துக்கு ஆதாரமாகிவிட்டது.

இரண்டாவது பங்குச் சந்தை. பிளாக்ஸ்டோன் ஆதரவு பெற்ற நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட் 2023 மே மாதம் 3,200 கோடி ரூபாய் வெளியீட்டோடு சந்தையில் பட்டியலானது. மால்களை மட்டுமே முதன்மையாக வைத்த இந்தியாவின் முதல் 'ரீட்' இது. ரீட் என்பது கட்டடங்களைச் சொந்தமாக வைத்து, வாடகை வருமானத்தை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அறக்கட்டளை. பெங்களூருவின் கோரமங்களா நெக்ஸஸ் மாலும் (பழைய ஃபோரம்), சென்னை வடபழனியின் நெக்ஸஸ் விஜயாவும் இதில் அடக்கம். பெங்களூருவிலும் சென்னையிலும் மால் நடத்தும் ஃபீனிக்ஸ் மில்ஸும் பட்டியலிடப்பட்ட நிறுவனம். இவை தங்கள் மால்களில் இருக்கும் கடைகளின் மொத்த விற்பனையைக் காலாண்டுதோறும் முதலீட்டாளர்களுக்குச் சொல்கின்றன. அந்த எண்ணைப் பார்த்துத்தான் 'அடுத்த வருஷம் வாடகை ஏறுமா?' என்று சந்தை கணிக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த தொகையை நம்பி அதைச் சொல்ல முடியாது.

மூன்றாவது தொழில்நுட்பம். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபின் சிறிய கடைகளும் கணினி பில்லுக்கு மாறின. பில் டிஜிட்டலாக இருந்தால் அதன் நகலை இன்னொரு இடத்துக்கு அனுப்புவது பெரிய வேலையே இல்லை.

முன்பு எப்படி நடந்தது?

இரவு கடை மூடும்போது காஷியர் 'டே எண்ட்' ரிப்போர்ட் எடுப்பார். அன்றைய மொத்த பில்கள், பணம், கார்டு, யுபிஐ, திருப்பிக் கொடுத்தது எல்லாம் அந்த நீளத் தாளில் இருக்கும். அதை மால் அலுவலகத்தில் கொடுப்பார்கள், அல்லது போட்டோ எடுத்துக் குழுவில் போடுவார்கள். மறுநாள் மால் ஊழியர் ஒருவர் உட்கார்ந்து இருநூறு கடைகளின் எண்களை எக்செல் தாளில் ஏற்றுவார்.

இதில் எங்கெல்லாம் தப்பு நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1,45,300 என்பது 1,54,300 ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கணக்கு திங்கள்கிழமையில் விழும். புது காஷியர் வரியோடு சேர்ந்த தொகையை எழுதுவார், பழையவர் வரியைக் கழித்து எழுதியிருப்பார். மாதக் கடைசியில் பத்து கடைகள் கணக்கே தந்திருக்காது. அவர்களுக்கு ஆள்விட்டுத் துரத்த வேண்டும். வேண்டுமென்றே குறைத்துச் சொன்னவர் யார், தூக்கக் கலக்கத்தில் தப்பாக எழுதியவர் யார் என்று பிரித்துப் பார்க்க முடியாது. வருடக் கடைசியில் ஆடிட்டர் சான்றிதழ் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். பத்து மாதத்துக்கு முந்தைய தொகைக்கு அன்று சண்டை தொடங்கும்.

இப்போ என்ன வழிகள் இருக்கு?

நடைமுறையில் நான்கு.

ஒன்று, *போர்ட்டல் அல்லது ஆப்*. கடைக்காரரே தினமும் உள்ளே போய் விற்பனையை நிரப்பி, டே எண்ட் தாளின் படத்தையும் ஏற்றுவார். படத்தில் இருக்கும் எண்ணை மென்பொருள் படித்து, நிரப்பிய எண்ணோடு ஒப்பிடும். செலவு குறைவு, கடையின் பில்லிங் கருவியைத் தொட வேண்டியதில்லை. ஆனால் நிரப்புவது மனிதர்தான், அதுவும் இரவு பத்து மணிக்கு. மறதி, அவசரம் எல்லாம் கூடவே வரும்.

இரண்டு, *பில்லிங் மென்பொருளோடு நேரடி இணைப்பு*. கடையின் பில்லிங் சிஸ்டமே தினமும் அல்லது சில நிமிடத்துக்கு ஒருமுறை மாலின் சர்வருக்குத் தகவல் அனுப்பும். பெரிய பிராண்டுகளுக்கு இது எளிது. ஒருமுறை தலைமை அலுவலகத்தில் இணைத்தால் எல்லா ஊர்க் கடைகளுக்கும் அதையே பயன்படுத்தலாம். சிக்கல் என்னவென்றால், ஒரே மாலில் பல வகை பில்லிங் மென்பொருள்கள் இருக்கும். ஒன்றில் தள்ளுபடி பில்லின் கடைசி வரியில், இன்னொன்றில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி. எல்லாவற்றையும் ஒரே அச்சில் கொண்டுவருவதுதான் உண்மையான வேலை.

மூன்று, *பிரிண்டர் வழி*. பில்லிங் கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் ஒரு சின்னக் கருவி அல்லது மென்பொருள் உட்காரும். அச்சாகும் ஒவ்வொரு பில்லின் நகலையும் அது எடுத்துக்கொள்ளும். எந்த மென்பொருளாக இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் பில்லில் இருப்பதெல்லாம் அதற்குத் தெரியும், வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர் உட்பட. இதை அடுத்து விவரமாகப் பார்ப்போம்.

நான்கு, *பணமே மால் வழியாகப் போவது*. பல உணவுக்கூடங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கவுண்டரில் பணம் கட்டி கார்டு வாங்க வேண்டும், தோசைக் கடையிலும் ஜூஸ் கடையிலும் அந்தக் கார்டைத் தேய்க்க வேண்டும். பணம் முதலில் நடத்துபவர் கைக்குப் போகிறது. அவர் தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கடைக்காரருக்குக் கொடுக்கிறார். இங்கே விற்பனையை யாரும் அறிவிக்கவே தேவையில்லை. ஆனால் கடைக்காரரின் பணம் சில நாட்கள் இன்னொருவர் கையில் நிற்கிறது. தினசரி காய்கறி, பால் வாங்கும் சிறு கடைக்கு அந்தச் சில நாட்களே பெரிய பாரம்.

'விற்பனை'ன்னா எது? சண்டை இங்கதான்

கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எதை எண்ணச் சொன்னோமோ அதைத்தான் எண்ணும். நம் கற்பனைக் கடைக்குத் திரும்புவோம்.

*வரி.* கடை 10 லட்சத்துக்கு விற்றது, அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி வாங்கியது. கல்லாவில் விழுந்தது 10,50,000. வரி அரசாங்கத்தின் பணம், கடைக்காரரின் வருமானமல்ல. ஆனால் கருவி மொத்தத் தொகையை எடுத்துவிட்டால் 12 சதவீதம் 1,26,000 ஆகிறது. 6,000 ரூபாய் அதிகம். வணிகக் கட்டட வாடகை மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, ஆக 7,080. துணிக்கடைக்காரர் வாடகை மீது கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். 5 சதவீத வரியில் இருக்கும் உணவகத்துக்கு அந்த உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது; முழுதும் கைச்செலவு. வருடத்துக்கு 84,960 ரூபாய். மென்பொருளில் ஒரே ஒரு கட்டத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததற்கு விலை இது.

*திருப்பிக் கொடுத்தவை.* 30-ஆம் தேதி 4,000 ரூபாய்க்கு வாங்கிய சட்டையை வாடிக்கையாளர் அடுத்த மாதம் 3-ஆம் தேதி திருப்பித் தருகிறார். போன மாத விற்பனையில் அது கணக்கில் ஏறிவிட்டது. இந்த மாதத்தில் கழிக்க வேண்டும். அதே சட்டையை ஒரு மாலில் வாங்கி, இன்னொரு மாலில் இருக்கும் அதே பிராண்டின் கடையில் திருப்பிக் கொடுத்தால்? இரண்டாவது கடை விற்காத பொருளுக்குக் கழிவு கேட்கும். எந்த மாலின் கணக்கில் அது குறைய வேண்டும்?

*ஆன்லைன் ஆர்டர்.* மாலில் இருக்கும் உணவகத்துக்கு ஸ்விக்கி, ஸொமேட்டோ வழியாகவும் ஆர்டர் வருகிறது. 500 ரூபாய் ஆர்டரில் 125 ரூபாய் கமிஷன் போனால் கடைக்குக் கிடைப்பது 375. பங்கு 500-க்கா, 375-க்கா? வித்தியாசம் ஒரு ஆர்டருக்கு 15 ரூபாய். 2022 ஜனவரியிலிருந்து இந்த ஆர்டர்களுக்கான உணவக ஜிஎஸ்டியை டெலிவரி தளங்களே அரசுக்குக் கட்டுகின்றன. ஆகவே கடையின் வரிக் கணக்கில் இது தனியாகவே தெரியும். ஒப்பந்தத்தில் மட்டும் தெளிவாக இருக்காது.

*அங்கே பார்த்து இங்கே வாங்குவது.* கடையில் செருப்பின் சைஸ் போட்டுப் பார்க்கிறார், அங்கேயே விற்பனையாளர் டேப்லெட்டில் ஆர்டர் போடுகிறார், பொருள் கிடங்கிலிருந்து வீட்டுக்குப் போகிறது. பில் வேறெங்கோ தயாரானது. 'என் கட்டடத்தில்தானே வியாபாரம் நடந்தது' என்கிறார் மால்காரர். 'பொருள் உங்க கடையிலிருந்து போகலையே' என்கிறது பிராண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இது முன்கூட்டியே எழுத்தில் தீர்க்க வேண்டிய விஷயம்.

ஜிஎஸ்டி கணக்கையே கேட்டு வாங்கிப் பார்த்தா போதாதா?

கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் யோசனை. ஆனால் முழுசா வேலைக்கு ஆகாது.

ஜிஎஸ்டி பதிவு மாநில அளவிலானது. கர்நாடகத்தில் பத்து கடைகள் வைத்திருக்கும் ஒரு பிராண்டு, ஒரே ஜிஎஸ்டி எண்ணில் பத்துக்கும் சேர்த்தே கணக்கு தரலாம். சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்றது மொத்தத் தொகையாகத்தான் அதில் இருக்கும். மந்த்ரி ஸ்கொயரில் எவ்வளவு, ஓரியனில் எவ்வளவு என்று பிரித்துத் தெரியாது. ஒரே கடை வைத்திருக்கும் சிறு வியாபாரியிடம்தான் இந்தச் சரிபார்ப்பு துல்லியமாகப் பலிக்கும். பெரியவர் கூட்டத்தில் மறையலாம், சின்னவரால் முடியாது.

இ-இன்வாய்ஸ் முறையும் உதவாது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் நிறுவனங்களோடு தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கி வந்த அந்த விதி, ஒரு வணிகத்திலிருந்து இன்னொரு வணிகத்துக்குப் போகும் பில்லுக்குத்தான். மாலில் சட்டை வாங்கும் நமக்குத் தரும் பில் அதில் வராது.

ஆனால் ஜிஎஸ்டி விதிகளில் ஒரு நல்ல பிடி இருக்கிறது. பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒரே எண் திரும்ப வரக் கூடாது. ஒவ்வொரு கடைக்கும் தனித் தொடர் வைத்துக்கொள்ளலாம். ஆகவே 1041-க்கு அடுத்து 1043 வந்தால் 1042 எங்கே என்று மென்பொருள் உடனே கேட்கும். ரத்தான பில்லா, நெட் போனதால் வராததா, அல்லது மறைத்ததா? முதல் இரண்டுக்கும் பதில் கடையிலேயே இருக்கும்.

இதிலும் ஒரு விதிவிலக்கு. 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனைக்கு வாடிக்கையாளர் பில் கேட்காவிட்டால், தனித்தனி பில் போடாமல் நாள் கடைசியில் ஒரே தொகுப்பு பில் போடலாம் என்று விதி அனுமதிக்கிறது. மாலின் நடைபாதையில் டீ, சோளம், பஞ்சு மிட்டாய் விற்கும் சின்ன கியோஸ்குகளுக்கு இது பொருந்தும். ஒவ்வொரு பில்லையும் எதிர்பார்க்கும் மால் மென்பொருளுக்கு அந்தக் கடை 'நாளெல்லாம் சும்மா இருந்து ராத்திரி ஒரே பில் போடுற' சந்தேகக் கடையாகத் தெரியும். மென்பொருள் சந்தேகப்படுவதால் மட்டும் அந்தக் கடை தப்பு செய்ததாக ஆகிவிடாது.

இதில் கடைக்காரருக்கு என்ன லாபம்?

மால்காரருக்கு லாபம் வெளிப்படை. கடைக்காரருக்கும் இருக்கிறது, எண்களைத் திரும்பக் காட்டினால்.

முதல் லாபம், சண்டை குறைகிறது. நேற்று வந்த கணக்கில் நேற்றே வித்தியாசம் தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். பத்து மாதம் கழித்துத் தெரிந்தால் வட்டி, அபராதம், ஆடிட் செலவு. சில ஒப்பந்தங்களில் குறைத்துச் சொன்னது 2 அல்லது 3 சதவீதத்தைத் தாண்டினால் ஆடிட் செலவையும் கடைக்காரரே ஏற்க வேண்டும் என்று இருக்கும்.

இரண்டாவது, பேரம் பேச ஆதாரம். மால் வியாபாரத்தில் முக்கியமான ஒரு விகிதம் உண்டு: வாடகை, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் சேர்ந்து விற்பனையில் எத்தனை சதவீதம்? நம் கடைக்கு வாடகை 1,20,000, பொதுப் பராமரிப்பு 25,000 என்று வைத்தால் 10 லட்சத்தில் 14.5 சதவீதம். விற்பனை 7 லட்சமாக இறங்கினால் வாடகை 1,00,000, பராமரிப்பு அதே 25,000. விகிதம் கிட்டத்தட்ட 18 சதவீதம். எஸ்கலேட்டரை மூன்று மாதம் பழுதுக்கு மூடியதால் விற்பனை விழுந்தது என்று சொல்ல விரும்பும் கடைக்காரருக்கு, தேதிவாரியான அந்த எண்கள்தான் வாய். 'எல்லாருக்கும் டல்லாத்தான் இருக்கு' என்ற பதிலை அது தாண்டிப் போகும்.

ஆனால் அந்தத் தகவல் ஒருவழிப் பாதையாக இருந்தால் கதை தலைகீழ். மால்காரரிடம் எல்லாக் கடைகளின் எண்ணும் இருக்கிறது. கடைக்காரரிடம் தன்னுடையது மட்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் 'உங்க கடை நல்லாத்தானே போகுது' என்று எதிர்ப்பக்கம் துல்லியமாகச் சொல்லும். பக்கத்து இடத்தில் அதே வகைக் கடைக்கு எவ்வளவு வாடகை தாங்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

தெருக்கடைக்கும் இதே கேள்வி வந்தது

எண்ணைச் சேகரிப்பதும், அந்த எண்ணைப் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல. கர்நாடகத்தின் சிறு வியாபாரிகள் இதை 2025 ஜூலையில் நேரில் பார்த்தார்கள்.

மாநில வணிகவரித் துறை, 2021-22 முதலான யுபிஐ வரவுகளின் அடிப்படையில் ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். யுபிஐ வரவு அதைத் தாண்டியிருக்கிறது, பதிவைக் காணோம் என்பது துறையின் வாதம். பேக்கரி, காண்டிமென்ட்ஸ், காய்கறிக் கடைகளில் க்யூஆர் ஸ்டிக்கர்கள் கிழிந்தன. 'யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்' அட்டைகள் தொங்கின. கடையடைப்புக்கு அழைப்பு வந்தது. ஜூலை 23-இல் முதல்வர் சித்தராமையா வணிகர் பிரதிநிதிகளைச் சந்தித்து, பழைய பாக்கி வசூலிக்கப்படாது, ஆனால் பதிவு செய்ய வேண்டியவர்கள் செய்துகொள்ள வேண்டும் என்று சொன்ன பிறகே நிலைமை தணிந்தது.

அங்கே எண் பொய்யல்ல. ஆனால் கணக்கில் வந்த பணம் எல்லாமே வரிக்குரிய விற்பனை ஆகிவிடுமா? பால், காய்கறிக்கு வரி இல்லை. மச்சான் திருப்பித் தந்த கடனும், சீட்டுப் பணமும், வீட்டுச் செலவுக்கு மகள் அனுப்பியதும் அதே க்யூஆரில்தான் விழுந்தன. மாலின் மென்பொருள் வரியையும் வாடகைக்குரிய விற்பனையாக எண்ணுவதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான்.

வாடிக்கையாளருக்கு இதில் என்ன கவலை?

'நம்பர் சொல்லுங்க' என்று பில் போடும்முன் கேட்கிறார்களே, அது.

ஒரு கடையின் தினசரி விற்பனைத் தொகை யாருடைய தனிப்பட்ட தகவலும் அல்ல. உங்கள் பெயர், கைபேசி எண், என்ன வாங்கினீர்கள் என்பது தனிப்பட்ட தகவல். வாடகைக் கணக்குக்கு மாலுக்குத் தேவை முதலாவது மட்டும்தான். பில்லை முழுசாக நகலெடுக்கும் முறையில் இரண்டாவதும் கூடவே போகிறது. மருந்துக் கடையின் பில்லாக இருந்தால் அதன் கனம் சொல்லாமலே புரியும்.

2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை, எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, ஒப்புதல் பெற்று, அதற்குத் தேவையானதை மட்டும் வாங்க வேண்டும் என்பது. அதே ஆண்டு மே மாதம், கைபேசி எண் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் அறிவுறுத்தியது. ஆகவே 'நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க' என்று சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறது. கவுண்டரில் நிற்கும் பையனிடம் கோபப்பட வேண்டியதில்லை. கேட்கச் சொல்லி அவருக்கு மேலிடத்து உத்தரவு.

மாலில் கடை எடுக்கிறீர்களா? கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஒப்பந்தம் ஆங்கிலத்தில், நாற்பது ஐம்பது பக்கத்தில் இருக்கும். முழுசா படிக்க முடியாவிட்டாலும் இந்த ஏழுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

1. விற்பனை என்பதன் வரையறை என்ன? ஜிஎஸ்டி கழித்தா, சேர்த்தா?

2. திருப்பிக் கொடுத்தது, ரத்தானது, ஊழியர் தள்ளுபடி, பரிசுக் கூப்பன், டெலிவரி கமிஷன் ஆகியவை எப்படிக் கழியும்?

3. பங்கு மாதந்தோறும் கணக்கிடப்படுமா, வருடத்துக்கா? தீபாவளி மாதத்தில் மினிமம் கேரண்டியைத் தாண்டி, மற்ற மாதங்களில் தாண்டாத கடைக்கு இந்த ஒரு வரி பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம்.

4. இணைப்புக் கருவிக்கும் மென்பொருளுக்கும் செலவு யாருடையது? பழுதானால் யார் சரிசெய்வது?

5. நெட் போய், தகவல் போகாத நாளுக்கு அபராதமா? கையால் அனுப்ப வழி உண்டா?

6. மாலிடம் பதிவான என் கடையின் எண்ணை நானும் தினமும் பார்க்க முடியுமா? தப்பு என்று சொல்ல எத்தனை நாள் அவகாசம்?

7. பில்லில் எந்தெந்த விவரம் போகிறது? வாடிக்கையாளர் விவரம் நீக்கப்படுகிறதா? கடையைக் காலிசெய்த பிறகு அந்தத் தகவல் என்னாகும்?

ஏற்கெனவே கடை நடத்துபவர்கள் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. போன மாதத்தில் ஏதாவது ஒரு நாளின் டே எண்ட் ரிப்போர்ட்டை எடுங்கள். அதே நாளுக்கு மால் அனுப்பிய கணக்கில் என்ன எண் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. இல்லையென்றால், வித்தியாசத்தை விற்பனையால் வகுத்துப் பாருங்கள். அது சரியாக உங்கள் வரி விகிதத்துக்குச் சமமாக வந்தால், எந்தக் கட்டம் தப்பாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.